வான்வழித் தூரமும் வாவித் துறையும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் பயிலும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். இரவு முழுவதும் பேருந்திற் குலுங்கி வந்த களைப்பு முகத்திற் படிந்திருந்தது. முகம் கழுவித் தேநீர் அருந்தி முடித்ததும், கையிலிருந்த தொலைபேசியைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள்.

"அம்மப்பா, பலாலியில விமானம் ஏறினா மட்டக்களப்புக்கு எவ்வளவு நேரம் எண்டு சொல்லுங்க பாப்பம்?"

"நீயே சொல்லு புள்ள."

"ஐம்பத்திரண்டு நிமிசமாம். தூரம் இருநூற்றுத் தொண்ணூற்றொரு கிலோமீற்றர். நான் எட்டு மணித்தியாலம் முதுகு நோக இருந்து வந்திருக்கன்."

நாற்பதாண்டு காலம் கணக்கும் புவியியலும் கற்பித்துப் பழகிய எனக்கு, யாரேனும் ஓர் எண்ணைச் சொன்னால் அதைச் சரிபாராமல் விடுவதற்கு மனம் இடந்தராது. அலுமாரியில் இருந்த பழைய தேசப்படத்தை எடுத்து மேசைமேல் விரித்தேன். தையற்பெட்டியிலிருந்து ஒரு நூல். அதன் ஒரு நுனியைப் பலாலியிலும் மறு நுனியை மட்டக்களப்பிலும் வைத்து இழுத்துப் பிடித்தாள் பேத்தி. பூமி உருண்டையாதலின் நெடுந்தூரப் பறப்புகளுக்கு இவ்வாறு தட்டைப் படத்தில் நூல் பிடிப்பது பிழையாகும். கொழும்பிலிருந்து இலண்டனுக்கு நூல் பிடித்தால் நூல் ஒரு வழியும் விமானம் ஒரு வழியும் போகும். நமது தீவோ மிகச் சிறியது. இங்கே நூலும் விமானமும் ஒன்றையொன்று விட்டு விலகுவதில்லை.

தூரம் சரியாகவே இருந்தது: 291 கிலோமீற்றர், பழைய கணக்கில் 181 மைல். நேரந்தான் இடித்தது. ஐம்பத்திரண்டு நிமிடம் எங்கிருந்து வந்தது? சிறிது யோசித்த பின் புரிந்தது. மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்திற் பறக்கும் பெரிய ஜெட் விமானம் ஒன்றை மனத்திற் கொண்டு, 291-ஐ 800-ஆல் வகுத்தால் இருபத்திரண்டு நிமிடம் கிடைக்கும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓடுதளத்தில் ஊர்வதற்குமாக அரை மணியைக் கூட்டினால் ஐம்பத்திரண்டு. கணக்கிற் பிழை இல்லை. ஆனால் அந்த விமானம் நமது வாவிக் கரைக்கு வருவதில்லை. எட்டுப் பேரையோ பத்துப் பேரையோ ஏற்றிக்கொண்டு ஒற்றைச் சுழல்விசிறியுடன் மணிக்கு 300 கிலோமீற்றர் அளவிற் பறக்கும் செஸ்னா விமானத்துக்கு ஒரு மணி நேரம் பிடிக்கும். அக்காலத்து டக்கோட்டா விமானமாயின் இன்னும் பத்து நிமிடம் கூடும்.

"அப்ப இந்தக் கணக்கு வராத விமானத்துக்குப் போட்ட கணக்கா?" என்று சிரித்தாள் பேத்தி. நானும் சிரித்தேன். ஆயினும் நூல் கிடந்த வழியை இருவரும் குனிந்து பார்த்தபோது சிரிப்பு அடங்கிவிட்டது.

பலாலியிலிருந்து தென்கிழக்காகப் புறப்படும் அந்நூல் கடனீரேரியைக் கடந்து கிளிநொச்சியின்மீது செல்கிறது. அங்கிருந்து வன்னிக் காடுகளைத் தாண்டித் தம்பலகாமத்து வயல்களுக்கு மேலாக வந்து, வாகரைக்குச் சற்று மேற்கே இறங்கி, வாழைச்சேனையைத் தொட்டுக்கொண்டு நமது வாவியை அடைகிறது. இந்த ஊர்ப்பெயர்களை வரிசையாக வாசிக்கும் எவருக்கும் விமானப் பயணம் மாத்திரம் நினைவுக்கு வரும் என்று நான் எண்ணவில்லை. மூன்று தசாப்த காலப் போரின் துயரப் பட்டியலை யாரோ ஒருவர் நூல் பிடித்து எழுதி வைத்ததுபோல் இருந்தது.

மற்றொரு நூலையும் பிடித்துப் பார்த்தோம். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு 221 கிலோமீற்றர், 137 மைல். இந்த வழியின் சரிபாதி, கண்டிக்குக் கிழக்கே விக்டோரியா நீர்த்தேக்கத்தின் அருகே விழுகிறது. பின்னர் மகியங்கனைக்கு அணித்தாக மகாவலியைக் கடந்து, வெந்நீரூற்றுகளுக்குப் பேர்போன மகா ஓயாவின் மேலாக வந்து, உன்னிச்சைக் குளத்தைத் தொட்டு இறங்குகிறது. அதாவது மலையகத்தின் மழை எவ்வழியாகக் கீழ்த்திசைக்கு இறங்குகிறதோ, ஏறக்குறைய அவ்வழியே விமானமும் இறங்குகிறது. தரையிற் போவோருக்கு இந்த 221 கிலோமீற்றர் ஏறத்தாழ 315 ஆகிறது. இருப்புப்பாதையோ வடக்கே மாகோவரை ஏறி, அங்கிருந்து வளைந்து வருவதால் 350-ஐ எட்டிவிடுகிறது.

அந்த இருப்புப்பாதையும் நமக்குக் கிடைத்தது 1928-ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்னர் நம்மவர் கொழும்புக்குப் போவதென்றால் மாட்டுவண்டியில் மலையேற வேண்டும். அல்லது தீவைச் சுற்றி வந்த 'லேடி ஹவலொக்', 'லேடி கோர்டன்' முதலிய நீராவிக் கப்பல்களுக்காகக் கடற்கரையிற் காத்திருக்க வேண்டும். 1892-இல் காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் இளமையிற் கண்டது அந்த மட்டக்களப்பைத்தான். அடிகள் மானிப்பாயிலும் சிதம்பரத்திலும் இமயச் சாரலிலும் ஆற்றிய பணிகளை நாம் மேடைதோறும் புகழ்கிறோம். அவ்விடங்களுக்கிடையே இரயிலிலும் கப்பலிலும் அவர் கழித்த நாட்களை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. யாழ்நூல் 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19-ஆந் திகதி அடிகள் கொழும்பில் மறைந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 10-ஆந் திகதி எயார் சிலோனின் முதற் பறப்பாக 'சீதாதேவி' என்னும் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து எழுந்து, காங்கேசன்துறை என்று அக்காலத்தில் வழங்கிய பலாலியில் இறங்கிச் சென்னைக்குச் சென்றது. ஐந்து மாதங்கூட இடைவெளி இல்லை.

மட்டக்களப்புக்கு விமான நிலையம் வர மேலும் பதினோராண்டு சென்றது. 1958 நவம்பரில், திமிலைதீவை அடுத்த வாவிக் கரையில் ஓடுதளம் திறக்கப்பட்டது. தீவுக்குள் ஒரு தீவு என்று சொல்லத்தக்க இடம் அது. கோட்டையும் கச்சேரியும் இருப்பது புளியந்தீவு. விமானம் இறங்குவது திமிலைதீவு. வாவியைக் கடந்தால் வவுணதீவு. நமது நாட்டில் நிலம் என்பது தண்ணீர் விட்டுக்கொடுத்த துண்டுகள்தாம். 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவி நம்மை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, அது படும் பக்கம் படுவான்கரை. ஆஸ்பத்திரியும் பெரிய பாடசாலைகளும் புகையிரதமும் பெரும்பாலும் எழுவான்கரைக்கு. நெல்லும் பாலும் விறகும் படுவான்கரைக்கு. நான் படுவான்கரையிற் பிறந்தவன்.

இதை எழுதும்போது ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஓர்க்னித் தீவுக் கூட்டத்தில் நடக்கும் ஒரு விமான சேவை நினைவுக்கு வருகிறது. வெஸ்ட்ரே என்னும் தீவுக்கும் பாப்பா வெஸ்ட்ரே என்னும் சிறு தீவுக்கும் இடையே 1967 முதல் விமானம் பறந்து வருகிறது. தூரம் 2.7 கிலோமீற்றர். அட்டவணைப்படி நேரம் இரண்டே நிமிடம். காற்று நன்கு வாய்த்த ஒரு நாளில் 53 விநாடியிற் பறந்து முடித்ததும் உண்டு. உலகின் மிகக் குறுகிய பயணிகள் விமான சேவை அதுவே. தீவுக்குத் தீவு சென்று கற்பிக்கும் ஆசிரியர்களும் அதில் ஏறுகிறார்கள். இச்செய்தியை முதன்முதல் வாசித்த அன்று எனக்கு ஏற்பட்டது வியப்பன்று, பொறாமை. எங்கள் ஊர்த்துறையில் வாவியின் அகலம் அரை மைல். அதில் ஆசிரியர்கள் கடந்ததும் இன்னும் சில துறைகளிற் கடப்பதும் 'பாதை'யில். வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: மிதவைகளைச் சேர்த்து மேலே பலகை பரப்பி, மனிதரையும் மாட்டையும் சைக்கிளையும் நெல் மூடையையும் ஒருங்கே ஏற்றிக் கரை சேர்ப்பதற்கு நாங்கள் வழங்கும் பெயர் பாதை. நிலத்தில் இல்லாத பாதையை நீரில் மிதக்க விட்டவர்கள் அப்பெயரை இட்டது பொருத்தமே.

இனி நான் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

1978-ஆம் ஆண்டு நான் பலாலி ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தேன். விமான நிலையம் கூப்பிடு தூரத்தில் இருந்தது. விமானம் எழும் ஓசை கேட்டால் விரிவுரையாளர் பேச்சை நிறுத்தி, ஓசை அடங்கிய பின் தொடருவார். அவ்வாண்டு செப்டெம்பர் 7-ஆந் திகதி இரத்மலானையில் எயார் சிலோனின் அவ்ரோ விமானம் ஒன்று குண்டு வைத்து அழிக்கப்பட்டது. அதன் பின்னர் அந்த ஓசை எங்கள் காதுக்கு வேறு விதமாகக் கேட்கத் தொடங்கியது. எவ்வாறாயினும் பயிற்சி ஆசிரியனின் உதவிப்பணத்துக்கும் விமானச் சீட்டுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை.

நவம்பர் 23-ஆந் திகதி, வியாழக்கிழமை. அன்று இரவு மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. மறுநாள் வானொலியிற் செய்தி வந்தது. மட்டக்களப்புடன் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு மேல் அதில் எங்களுக்கு வேண்டியது ஒன்றும் இல்லை. தந்தி போகவில்லை. இறந்தோர் தொளாயிரத்துக்கு மேல் என்பதும், தென்னைகளிற் பத்தில் ஒன்பது வீழ்ந்துவிட்டன என்பதும் பின்னர் எண்ணி அறிந்தவை. அன்று எங்களுக்குத் தெரிந்தது மௌனம் ஒன்றுதான். அம்மௌனத்தின் நீளம் 181 மைல்.

சனிக்கிழமை காலை, கீழ்மாகாணத்தவர் மூவர் புறப்பட்டோம். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா, வவுனியாவிலிருந்து அனுராதபுரம் என்று கிடைத்த பேருந்துகளில் ஏறி, ஞாயிறு பகலிற் பொலன்னறுவையை அடைந்தோம். அதற்கப்பால் பேருந்து இல்லை. நிவாரணத்துக்கு அரிசி ஏற்றிச் சென்ற லொறி ஒன்றின் சாரதி, மூடைகளின் மேல் எங்களை ஏற்றிக்கொண்டார். மரங்களை வெட்டி அகற்றுவதற்காக நின்று நின்று அந்த லொறி வாழைச்சேனை சேரும்போது இரவாகிவிட்டது. அங்கிருந்து மட்டக்களப்பு நகரம் முப்பது கிலோமீற்றர். திங்கள் முழுவதும் நடந்தோம். தந்திக் கம்பிகள் காலிற் சிக்கின. சாலையின் இருமருங்கும் தென்னைகள் தலை முறிந்து கிடந்தன. நின்றவையும் ஓலையின்றி வெறுங்கம்பங்களாக நின்றன. ஊர்களை நான் ஊர்ப்பெயர்களால் அறிந்தேனே அன்றித் தோற்றத்தால் அறியவில்லை. ஏறாவூரில் ஒரு முஸ்லிம் பெரியவர் எங்களை அழைத்து, கூரை இழந்த வீட்டின் முற்றத்தில் அமர்த்திக் கஞ்சி தந்தார். "உங்கட ஊர்ப் பக்கம் ஒண்டும் தெரியா மனே, போய்ப் பாருங்க" என்றார். நகரத்திற் படுத்தெழுந்து, செவ்வாய்க்கிழமை கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடி, ஆரையம்பதி வழியாக மீண்டும் தெற்கே நடந்தேன். தோழர்கள் இருவரும் தத்தம் ஊருக்குப் பிரிந்துவிட்டார்கள். எங்கள் துறையை அடைந்தபோது மாலை ஆறரை மணி.

துறை இருந்தது, பாதை இல்லை. புயல் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. கரையில் ஒரே ஒரு தோணி. தோணிக்காரர் என்னை அறிந்தவர்தாம்.

"தம்பி, ராவைக்குத் தோணி விட ஏலாது. மரமும் கொப்பும் கம்பியும் தண்ணிக்குள்ள கிடக்கு. நேத்து ஒரு தோணி கவிழ்ந்திட்டு. விடியட்டும்."

"ஐயா, அரை மைல்தானே?"

"அரை மைல்தான். ஆனா இருட்டு."

அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. எதிர்க்கரையில் ஒன்றும் தெரியவில்லை. ஏழு மணியளவில் ஓர் அரிக்கன் லாம்பு மாத்திரம் துறையடிக்கு வந்தது. சிறிது நேரம் அசையாமல் நின்றது. பின்னர் இரண்டு மூன்று முறை மேலும் கீழும் ஆடியது. பின்னர் மெல்லத் திரும்பிச் சென்றது. நான் எழுந்து நின்று கூவினேன். காற்று எதிர்த்து வீசியது. கையில் விளக்கு இல்லை, நெருப்புப்பெட்டி நனைந்திருந்தது. பாடும் மீன்களுக்குப் பேர்போன வாவி அன்றிரவு ஒரு சத்தமும் இடவில்லை. அல்லது எனக்குத்தான் கேட்கவில்லை.

விடிந்து வெளிச்சம் வந்ததும், ஐந்தரை மணிக்குத் தோணி புறப்பட்டது. தோணிக்காரர் கோலை ஊன்றி ஊன்றி, மிதந்த கொப்புகளை ஒதுக்கிச் சென்றும் இருபது நிமிடத்திற் கரை சேர்ந்துவிட்டோம். துறையடியில் என் தம்பி நின்றான். அவனது முகத்தைக் கண்டதும் விளங்கிவிட்டது.

புயலன்று முறிந்த தென்னை வீட்டின்மேல் வீழ்ந்ததில் அப்பாவுக்கு இடுப்பு நொறுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்லை, ஆஸ்பத்திரி எழுவான்கரையில். ஐந்து நாட் கிடந்தார். நினைவு தவறவே இல்லை. ஒவ்வொரு மாலையும், "பெரியவன் துறையில வந்து நிப்பான், லாம்பைக் கொண்டுபோய்க் காட்டு" என்று தம்பியை அனுப்பியிருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் அனுப்பினார். தம்பி திரும்பிப் போய், "ஆரையும் காணல்ல அப்பா" என்று சொல்லியிருக்கிறான். இரவு பத்து மணிக்கு உயிர் பிரிந்தது.

யாரிலும் குற்றம் காணுவதற்கு இதை நான் எழுதவில்லை. தோணிக்காரர் சொன்னது சரி. அவருக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். பலாலியிலிருந்து 181 மைலை நான் நான்கு நாளிற் கடந்தேன்; அதுவும் அந்த வாரத்தில் ஒரு சாதனைதான் என்று பலர் சொன்னார்கள்.

பின்னாளில் நேரம் இன்னும் விசித்திரமாக நீண்டது. 1983-இல் மட்டக்களப்பு ஓடுதளம் விமானப்படையின் வசமாயிற்று. போர்க்காலத்திற் படுவான்கரை ஒரு தரப்பிடமும் எழுவான்கரை மறு தரப்பிடமும் இருந்த ஆண்டுகளில், அரை மைல் வாவியைக் கடக்க அரை நாள் வேண்டியிருந்தது. வடக்கே தரைவழி மூடிக் கிடந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில், மட்டக்களப்பான் ஒருவன் யாழ்ப்பாணம் போக விரும்பினால் மேற்கே கொழும்புக்கு 315 கிலோமீற்றர் சென்று, அனுமதிக்குக் காத்திருந்து, இரத்மலானையிலிருந்து 329 கிலோமீற்றர் பறந்து பலாலியில் இறங்குவது ஒரு வழியாக இருந்தது. 291 கிலோமீற்றருக்குப் பதிலாக 644. அவ்வழியும் அச்சமற்றதன்று. 1998 செப்டெம்பர் 29-ஆந் திகதி பலாலியிலிருந்து எழுந்த லயன் எயார் விமானம் மன்னார்க் கடலில் வீழ்ந்து 55 பேர் மாண்டனர். அட்டவணையில் அதற்கும் ஒரு பறப்பு நேரம் எழுதப்பட்டிருந்தது.

இன்று நிலைமை வேறு. 2014 ஏப்ரலில் மண்முனையிற் பாலம் வந்தது. அதன் நீளம் 210 மீற்றர். அதிற் சைக்கிளில் ஒரு நிமிடத்திற் போகும் பிள்ளைகளைப் பார்க்கும்போது, பாலத்தைவிட அவர்களது அலட்சியந்தான் எனக்கு மகிழ்ச்சி தருகிறது. மட்டக்களப்பு விமான நிலையம் 2016-இற் புதுப்பித்துத் திறக்கப்பட்டது. 2018-இற் பொதுமக்கள் சேவைக்கு வந்தது. பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாயிற்று. ஓடுதளங்கள் இரண்டும் இருக்கின்றன. இடையிலுள்ள வானமும் இருக்கிறது. நான் அந்த வானத்தில் இதுவரை பறந்ததில்லை.

பேத்தி நூலைச் சுற்றி வைத்துவிட்டுத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதத் தொடங்கினாள். பலாலி முதல் மட்டக்களப்பு வரை: 291 கிலோமீற்றர், ஒரு மணி நேரம். இரத்மலானை முதல் மட்டக்களப்பு வரை: 221 கிலோமீற்றர், முக்கால் மணி நேரம். "எங்கட துறையையும் எழுது" என்றேன். துறையின் பெயரை எழுதி, அதன் கீழே அரை மைல் என்று எழுதினாள்.

"நேரம் எவ்வளவு போட, அம்மப்பா?"

"பதினொரு மணி நேரம்" என்றேன். அவள் பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. எழுதிவிட்டு, ஆண்டையும் பக்கத்திற் குறித்துக்கொண்டாள்.